வந்த அன்றைக்கே

"குளிக்கிற உடுப்பு எந்தப் பெட்டியிலை இருக்குது?"

பத்து வருடம், பதினைந்து வருடம் கழித்து வெளிநாட்டிலிருந்து வந்திறங்குகிறவர்களிடம், அவர்களை ஏற்றிப்போக வான் ஓட்டிவருகிற வான் அண்ணை கேட்கிற முதல் கேள்வி அதுதான். சுகமோ என்பது இரண்டாவது. கட்டுநாயக்க விமான நிலைய வாசலில் ஒரு பக்கம் தாய் மகனைக் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருப்பாள். மாமிமார் மூக்கைச் சிந்துவார்கள். இவர் தள்ளுவண்டியில் கிடக்கிற பெட்டிகளைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டு நிற்பார். அழுகை ஓயுமட்டும் பொறுக்கிற குணம் அவரிடம் கிடையாது.

"அழுறதை வானுக்குள்ளை ஏறி அழலாம். ஒன்பது மணிக்குக் கேற் திறந்திடுவான்" என்பார்.

அவர் சொன்னது தண்ணீர்ப் பூங்காவின் வாசல் கேற். விமான நிலையத்திலிருந்து புத்தளம் பாதையில் ஒரு மணித்தியாலம் ஓடினால் தென்னந்தோட்டங்களுக்கு நடுவில் அது வரும். உயரமான சறுக்குகள், அலையடிக்கிற தொட்டி, வளையத்தில் இருந்து மிதந்தபடி சுற்றி வருகிற ஒரு வாய்க்கால். அங்கிருந்து கிளிநொச்சிக்கு இன்னும் ஐந்தாறு மணித்தியால ஓட்டம் கிடக்கிறது. வருகிறவர்கள் எல்லோரும் நேரே வீட்டுக்குப் போய், பெட்டி இறக்கி, கோழிக்கறியோடு சாப்பிட்டுப் படுத்தெழும்பி, திரும்பிப் போகும்போது வேண்டுமானால் பிள்ளைகளுக்கு அந்த இடத்தைக் காட்டலாம் என்று நினைத்துத்தான் வருவார்கள். வான் அண்ணை விடமாட்டார். வந்த அன்றைக்கே போயாக வேண்டும்.

அவருக்கு ஒரு பெயர் இருந்தது. எங்கள் குடியேற்றத் திட்டத்தில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நானும் இங்கே சொல்லப்போவதில்லை. கட்டையான மனிதர். தலையில் முடி கொட்டிக் கனகாலம். ஆனாலும் சேர்ட் பொக்கற்றில் எப்போதும் ஒரு சீப்பு இருக்கும். "ஆருக்கு அண்ணை சீப்பு?" என்று கேட்டால், "ஏறுற ஆக்களுக்கு" என்பார். உண்மைதான். தண்ணீரிலிருந்து வெளியே வருகிற பிள்ளைகளின் தலையை அந்தச் சீப்பால்தான் இழுத்துவிடுவார்.

நான் கூட்டுறவுச் சங்கக்கடையில் வேலை செய்கிறவள். எனக்கு வாய் நீளம் என்று ஊரில் பெயர். அவருக்கும் எனக்கும் பக்கத்துப் பக்கத்துக் காணி. வேலிக்கு இரண்டு பக்கமும் நின்று நாங்கள் சண்டை பிடிக்காத கிழமை குறைவு.

"விருந்தும் மருந்தும் மூண்டு நாளெண்டுதானே அண்ணை சொல்லுவினம். நீங்கள் ஏன் முதல் நாளே உயிரை வாங்குறியள்?" என்று ஒருமுறை கேட்டேன்.

"மூண்டு நாளெண்டு சொன்னவன் வெளிநாட்டுக்காரரை ஏத்தி இறக்கியிருக்க மாட்டான்" என்றார். "நான் கன வருசமாய்ப் பார்க்கிறன் தங்கச்சி. முதலாம் நாள் உறவு. ரெண்டாம் நாள் காணி. மூண்டாம் நாள் கோள். அதுக்குப் பிறகு ஆளுக்கொரு வீட்டிலை மூஞ்சையை நீட்டிக்கொண்டு இருப்பினம். எல்லாரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரிக்கிறது அந்த ஒரு நாள்தான். அதைக் கொண்டுபோய் நித்திரையிலை விடலாமோ?"

கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததற்கு வட்டியும் முதலுமாகப் பிறகு வாங்கிக் கட்டினேன்.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. ஒருவரை ஏற்றிவரப் பன்னிரண்டு பேர் போவோம். எங்கள் அண்ணா கனடாவிலிருந்து வந்தபோதும் அப்படித்தான் போனோம். அம்மா, சின்னம்மா, சித்தப்பா, நான், என் பிள்ளைகள், சின்னம்மாவின் பிள்ளைகள் என்று வான் நிறைய ஆட்கள். வந்தது ஒரேயொரு மனிதன். பதினாறு வருடத்துக்குப் பிறகு வந்தவன். கண் சிவந்து, கால் வீங்கி நின்றான். வான் அண்ணை உடுப்புப் பெட்டியைக் கேட்டதும் எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

"உங்களுக்கு விசரோ? மனிசன் ரெண்டு நாளாய் நித்திரை இல்லாமல் வந்திருக்கிறான்."

"தண்ணி பட்டால் எழும்பிடுவார்" என்று சொல்லிவிட்டு வானைக் கிளப்பினார்.

அண்ணாவிடம் குளிக்கிற உடுப்பு இருக்கவில்லை. எங்களிடமும் இல்லை. அந்த இடத்தில் சேலையோடும் சாரத்தோடும் இறங்க விடமாட்டார்கள், நைலோன் உடுப்பு வேண்டும். வான் அண்ணை பின் சீற்றுக்குக் கீழேயிருந்து ஒரு உரப்பையை இழுத்து அவிழ்த்தார். உள்ளே எல்லா அளவிலும் குளிக்கிற உடுப்பு. வந்துபோனவர்கள் பாரம் குறைக்க விட்டுவிட்டுப் போனவை. அவர் தோய்த்துக் காயவைத்து மடித்து வைத்திருந்தார். அறுபத்தொரு வயதான என் அம்மா, சுவிஸ்காரி ஒருத்தியின் ஊதா நிறக் காற்சட்டையும் நீளச் சட்டையும் போட்டுக்கொண்டு, வெட்கத்தில் துவாயைத் தலைக்கு மேலால் மூடியபடி வானுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தா. சின்னம்மா சிரித்துச் சிரித்து நிலத்தில் இருந்துவிட்டா.

வெளிச் சாப்பாடு உள்ளே கொண்டுபோகக் கூடாது. அதனால் கேற் திறக்க முதலே வானுக்குள் வைத்துப் புட்டும் சம்பலும் தீத்திவிட்டார். பிறகு எல்லோரையும் வரிசையில் நிறுத்தி ஒழுங்கு சொன்னார்.

"முதல் உயரச் சறுக்கு. பத்தரைக்குப் பள்ளிக்கூட பஸ்ஸுகள் வந்திடும், பிறகு படியிலை நிண்டு காய வேணும். அதுகள் சறுக்குக்கு ஓடேக்கை நீங்கள் அலைக்குப் போங்கோ. மணி அடிச்சாப் பிறகு ஓடாதேங்கோ, மணிக்கு முதலே போய் நடுவிலை நில்லுங்கோ. கையிலை கட்டுற பட்டியைக் கழட்டினால் திரும்ப உள்ளை விடான். மூண்டு மணிக்குப் பிறகு வாய்க்கால். அது வயது போன ஆக்களுக்கு."

அவர் இறங்கவில்லை. எல்லோருடைய ரெலிபோன், தோடு, மணிக்கூடு, பல்செற் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு, ஒரு மரத்துக்குக் கீழே கதிரையில் இருந்தார். "நீங்கள் இறங்கேல்லையோ?" என்று கேட்டேன். "எனக்கு ஆள் வரேக்கை இறங்குவன்" என்றார்.

அன்றைக்கு மூன்று மணிக்குப் பிறகு அம்மாவும் அண்ணாவும் ஆளுக்கொரு வளையத்தில் அந்த வாய்க்காலைச் சுற்றி வந்ததை நான் கரையில் நின்று பார்த்தேன். அம்மா அண்ணாவின் கால் பெருவிரலை எட்டிப் பிடித்துக்கொண்டு மிதந்தா. விட்டால் போய்விடுவான் என்று பயந்தவ மாதிரி. சுற்றி வந்து என்னைக் கடக்கிற ஒவ்வொரு முறையும், "பாரடி, பாரடி" என்று மட்டும் சொன்னா. எதைப் பார்க்கச் சொன்னா என்று நான் கேட்கவில்லை. ஆறு சுற்று.

மறுநாள் பின்னேரம் சின்னம்மாதான் வாயைத் திறந்தா. குளத்துக்குக் கீழே இருக்கிற அப்பாவின் இரண்டு ஏக்கர் வயலை என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டா. அண்ணா விற்கலாம் என்றான். பதினாறு வருடமாக அதை விதைத்து அறுத்தது நான். என் வாய் சும்மா இருக்குமா? ஐந்தாம் நாள் அண்ணா பெட்டியைத் தூக்கிக்கொண்டு வவுனியாவில் போய் அறை எடுத்துத் தங்கினான். விமானம் ஏறும்போது அம்மாவுக்கு மட்டும் ரெலிபோன் எடுத்தான். இன்றுவரை என்னோடு கதையில்லை. அம்மாவும் இப்போது இல்லை. அன்றைக்கு வான் அண்ணை எங்களை இழுத்துக்கொண்டு போயிராவிட்டால், அம்மாவுக்கு அந்த ஆறு சுற்றும் கிடைத்திராது.

இப்படி எத்தனையோ குடும்பங்களை அவர் அங்கே கொண்டுபோய்த் தள்ளியிருக்கிறார். முல்லைத்தீவில் மீன் வியாபாரம் செய்கிற ஒரு முஸ்லிம் முதலாளியின் மகள் லண்டனிலிருந்து வந்தபோது, பெண்கள் இறங்கமாட்டோம் என்று சொல்லியிருக்கிறார்கள். இவர் தன் அரைகுறைச் சிங்களத்தில் காவலாளியோடு அரை மணித்தியாலம் வாதாடி, தலையிலிருந்து கால்வரை மூடிய உடுப்போடு அவர்களை வாய்க்காலில் இறக்கிவிட்டார். அந்த முதலாளி பிறகு ஒவ்வொரு நோன்புப் பெருநாளுக்கும் அவருக்கு வட்டிலப்பம் அனுப்பிவைத்தார். சிலர் அவருக்கு மசியாமல் நேரே வீட்டுக்குப் போகச் சொல்லிவிடுவார்கள். அப்படிப்பட்ட நாட்களில் புளியங்குளம் வரும்வரை ஒரு வார்த்தை பேசமாட்டார். அங்கே தேத்தண்ணிக் கடையில் தனியாகப் போய் ஒரு பிளேன்ரீ குடித்துவிட்டு, "சரி, உங்கடை விருப்பம்" என்பார். கோபம் அங்கே முடிந்துவிடும்.

ஒரு நாள் மட்டும் அவருடைய கெட்டித்தனம் அவரையே அடித்தது.

பூவரசங்குளத்து ஆள் ஒருவர், பிரான்சிலிருந்து மனைவி பிள்ளைகளோடு வந்தார். தகப்பனுக்குக் கொஞ்சம் சுகமில்லை, அதுதான் பார்க்க வந்தோம் என்றார். ஊரில் இருந்தவர்கள் அவருக்கு அவ்வளவுதான் சொல்லியிருந்தார்கள். அதுவும் எங்கள் ஆட்களின் வழக்கம்தான். தூரத்தில் இருக்கிற பிள்ளைக்கு முழு உண்மையையும் சொல்லமாட்டோம். பாவம், பிளேனுக்குள் இருந்து அழும், வந்து தன் கண்ணால் பார்க்கட்டும் என்று 'காய்ச்சல்' என்போம், 'கொஞ்சம் சோர்வு' என்போம்.

அந்த மனிதர் நேரே போகவேண்டும் என்றுதான் முதலில் சொன்னார். வான் அண்ணை விடவில்லை. "காய்ச்சல்தானே. பின்னேரம் போய்ப் பார்க்கலாம். பிள்ளையளின்ரை முகத்தைப் பாருங்கோ" என்று சொல்லிச் சொல்லி மனதை மாற்றினார். பிள்ளைகளும் துள்ளின. அவர் சம்மதித்தார். வழக்கம்போல எல்லோருடைய ரெலிபோனும் வான் அண்ணையின் மடிப்பையில் இருந்தன. பதினொரு மணியிலிருந்து அந்த மனிதரின் ரெலிபோன் அடித்திருக்கிறது. மற்றவர்களுடைய ரெலிபோனை இவர் எடுக்கமாட்டார். அது அவருடைய ஒழுங்கு. பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு இருந்தார். பின்னேரம் அவர்கள் பூவரசங்குளம் போய்ச் சேர்ந்தபோது, வீட்டு வாசலில் செத்தவீட்டு வாழை கட்டியிருந்தது.

கிழவர் மத்தியானம்வரை வாசலைப் பார்த்துக்கொண்டே கிடந்தாராம்.

அந்த மகன் நல்ல மனிதர். "நாங்கள்தானே அண்ணை ஓம் எண்டு சொன்னனாங்கள்" என்று சொன்னாராம். வான் அண்ணை செத்தவீடு முடியும்வரை அங்கேயே நின்று, பந்தல் கட்டி, தண்ணீர் அள்ளி, காடாற்றுச் சடங்கும் முடிந்த பிறகுதான் திரும்பி வந்தார். கூலி வாங்கவில்லை. அன்று பின்னேரம் வேலியடியில் வந்து நின்றார். நான் வழக்கம்போல ஏதோ நக்கலாகச் சொல்ல வாயெடுத்தேன். முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டேன்.

"ரெலிபோன் அடிச்சது தங்கச்சி" என்றார். "என்ரை மடியிலைதான் அடிச்சது. எட்டுத்தரம் அடிச்சது. நான் எண்ணிக்கொண்டு இருந்தனான்."

அதற்குப் பிறகு அவர் யாரையும் வற்புறுத்தவில்லை. உடுப்புப் பெட்டியை மட்டும் கேட்பார். "களைப்பாய் இருக்கு அண்ணை" என்று யாராவது சொன்னால், ஒரு சொல்லும் பேசாமல் வானை நேரே வீட்டுப் பாதையில் விட்டுவிடுவார். உரப்பை பின் சீற்றுக்குக் கீழேயே கிடந்தது.

அவருக்கும் ஆட்கள் இருந்தார்கள் என்பதை நான் இன்னும் சொல்லவில்லை. யுத்தம் முடிந்த கையோடு அவரை இராணுவத் தடுப்பு முகாமில் வைத்திருந்தார்கள். அவர் உள்ளே இருந்த காலத்தில், மனைவி ஏழு வயது மகளைக் கூட்டிக்கொண்டு தன் தமையனிடம் வெளிநாட்டுக்குப் போய்விட்டா. குற்றம் சொல்ல முடியாது. அவர் உயிரோடு வருவார் என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது. வெளியே வந்தவர் கூப்பிட்டுப் பார்த்தார். முதலில் கிழமைக்கு ஒருமுறை கதைத்தார்கள். பிறகு மாதத்துக்கு ஒருமுறை. பிறகு மகள் மட்டும், பிறந்தநாளுக்கும் பொங்கலுக்கும். அவளோடு கதைக்கும்போது அவர் முற்றத்துக்கு வந்து நின்று உரத்துக் கதைப்பார். நாங்கள் எல்லோரும் கேட்கவேண்டும் என்று அவருக்கு ஆசை.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு நாள் வேலியடியில் வந்து, "பிள்ளை வாறாள்" என்றார். "நாலு நாள்தான் லீவாம்."

ஊரைக் கூட்டிக்கொண்டு போகிற மனிதர், தன் மகளை ஏற்ற யாரையும் கூப்பிடவில்லை. என்னை மட்டும் கேட்டார். "பொம்பிளைப் பிள்ளை தங்கச்சி. வானிலை ஒரு பொம்பிளை இருந்தால் நல்லது. எனக்கு என்ன கதைக்கிறதெண்டு தெரியாது." நான் புட்டு அவித்துக் கட்டினேன். போகும்போது அவருக்குப் பக்கத்தில் ஒரு கடைப் பை கிடந்தது. எட்டிப் பார்த்தேன். உள்ளே ஒரு நைலோன் காற்சட்டை, அவருடைய அளவில். விலைத் துண்டு கழற்றாமல் இருந்தது. கூடவே ஒரு புதுத் துவாய். நான் பார்த்ததை அவரும் பார்த்தார். பையை எடுத்துச் சீற்றுக்குக் கீழே தள்ளிவிட்டார்.

அவள் வெளியே வந்தாள். தகப்பனைவிட ஒரு சாண் உயரம். ஒரு சின்னப் பெட்டியும் தோளில் ஒரு பையும். நான் அவளை அடையாளம் காண முதலே, அவள் அவரைக் கண்டுகொண்டு நேரே வந்து நின்றாள். கட்டிப்பிடிப்பதா வேண்டாமா என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. கடைசியில் அவள் கையை நீட்டினாள், இவர் பெட்டியை வாங்கிக்கொண்டார்.

நான் அந்தக் கேள்விக்காகக் காத்திருந்தேன். இப்போது கேட்பார், இதோ கேட்பார் என்று நின்றேன்.

"கன நேரம் இருந்து வந்தனீங்களோ?" என்றார். வானில் ஏறுகிற யாரோ ஆட்களிடம் பேசுகிற மரியாதை அது.

"ஓம் அப்பா. சரியான களைப்பு."

அவ்வளவுதான். அவர் தலையை ஆட்டினார். எனக்குத் தாங்கவில்லை. அவரை ஒரு பக்கம் இழுத்து, "அண்ணை, கேளுங்கோவன்" என்றேன். "ஒரு வார்த்தை கேட்டால் பிள்ளை வரும்."

"வேண்டாம் தங்கச்சி. களைச்சுப்போய் வந்த பிள்ளை. அதுகளை வில்லங்கப்படுத்தக் கூடாது. நாளைக்குப் பார்ப்பம்."

நாளைக்கு என்ற சொல் அந்த வாயிலிருந்து வந்ததை நான் அதற்கு முன் கேட்டதில்லை. சங்கக்கடையில் முகாமையாளரையே எதிர்த்துக் கதைக்கிறவள் நான். அன்றைக்கு அந்தப் பிள்ளையிடம் திரும்பி, 'உன்ரை கொப்பர் உன்னோடை தண்ணியிலை இறங்க வேணுமெண்டு இத்தனை வருசம் காத்திருக்கிறார்' என்று சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? சொல்லவில்லை. தகப்பனுக்கும் மகளுக்கும் நடுவில் நான் ஆர் என்று இருந்துவிட்டேன். வாய் நீளம் என்று எனக்குப் பெயர் வைத்தவர்கள் அன்றைக்கு என்னைப் பார்த்திருக்க வேண்டும்.

அவள் பின் சீற்றில் ஏறி, கண்ணாடியில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடினாள். பூங்காவுக்குத் திரும்புகிற சந்தி வந்தது. பெரிய பலகையில் சறுக்கு வரைந்திருந்தார்கள். வான் அண்ணை சிக்னல் போட்டு, வானை ஓரமாக நிறுத்தினார். கண்ணாடிக்குள் மகளைப் பார்த்தார். சிக்னல் டிக் டிக் என்று அடித்துக்கொண்டிருந்தது. இரண்டு நிமிடமாவது இருக்கும். அவர் திரும்பிக் கூப்பிடுவார் என்று நினைத்தேன். சிக்னலை நிற்பாட்டிவிட்டு நேரே ஓட்டினார்.

அந்த ஆறு மணித்தியாலமும் அவர் ஒரு தரம்கூட ஹோர்ன் அடிக்கவில்லை. பள்ளங்களில் வானை ஏந்தி இறக்கினார். புளியங்குளத்திலும் நிறுத்தவில்லை. றேடியோ போட நான் கை நீட்டினேன், தட்டிவிட்டார். அவருடைய முதலாம் நாள் அப்படிப் போனது. ஆனாலும் முகத்தில் ஒரு சந்தோஷம் இருந்தது. பிள்ளை தன் வானில் நித்திரை கொள்கிறாள் என்ற சந்தோஷம்.

இரண்டாம் நாள் காலை அவள் என் வீட்டுக்கு வந்தாள். "மாமி, ஒருக்கா வாங்கோ. அப்பாவுக்கு இதை வாசிச்சுச் சொல்ல வேணும். என்னாலை ஏலாது" என்றாள். கையில் ஒரு கடித உறை. அவர்களுடைய முன்விறாந்தையில் இருந்து வாசித்தேன். என் ஆங்கிலம் பெரிய ஆங்கிலம் இல்லை. ஆனால் அது விளங்கப் பெரிய ஆங்கிலம் தேவையில்லை. அவளுடைய அம்மா விவாகரத்துக் கேட்டிருந்தா. அங்கே வேறொருவரோடு வாழ்க்கை அமைந்துவிட்டது. தபாலில் அனுப்ப மனமில்லாமல், ரெலிபோனில் சொல்லவும் முடியாமல், மகளிடம் கொடுத்துவிட்டிருந்தா. நாலு நாள் லீவு எடுத்து அந்தப் பிள்ளை வந்தது அதற்காகத்தான்.

நான் வாசித்து முடிக்கும்வரை வான் அண்ணை நிலத்தையே பார்த்துக்கொண்டு இருந்தார். பிறகு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"இதிலை கையெழுத்து வைச்சால், பிள்ளையின்ரை பேருக்குப் பின்னாலை இருக்கிற என்ரை பேர் போயிடுமோ?"

அவள் உள்ளே ஓடிப்போய்த் தன் கடவுச்சீட்டை எடுத்து வந்து விரித்துக் காட்டினாள். அவளுடைய பெயருக்குப் பக்கத்தில் அவருடைய பெயர், ஊரில் யாரும் கூப்பிடாத அந்தப் பெயர், ஆங்கில எழுத்தில் முழுதாக இருந்தது. "இது போகாது அப்பா. இது என்ரை" என்றாள். அவர் விரலால் அந்த எழுத்துகளைத் தொட்டுப் பார்த்தார். பிறகு பேனையைக் கேட்டார். நான் சாட்சிக் கையெழுத்து வைத்தேன். அவள் அழுதாள். "அம்மா சந்தோசமாய் இருக்கட்டும், நீங்கள் ஏன் அழுறியள்?" என்று அவளைத் தேற்றினார். மற்ற இரண்டு நாளும் உறவினர் வீடுகளுக்குக் கூட்டிப்போனார். தண்ணீர்ப் பூங்கா பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. திரும்பிப் போகிற நாளில் எல்லோரும் மணிக்கூட்டைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள், அது சரிவராது என்பது அவருடைய பழைய கணிப்பு. நேரே கொண்டுபோய் ஏற்றிவிட்டு வந்தார்.

போன மாரியில் அவர் செத்துப்போனார். நெஞ்சு நோகிறது என்று தானே வானை ஓட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனவர். வாசலில் ஒருவருக்கும் இடைஞ்சல் இல்லாமல் ஒழுங்காக நிறுத்திவிட்டு, ஸ்ரியறிங்கில் சாய்ந்திருக்கிறார். மகளால் உடனே வரமுடியவில்லை. செத்தவீட்டை ரெலிபோனில் பார்த்தாள். நான்தான் ரெலிபோனைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

முப்பத்தோராம் நாள் படையல் முடிந்து, ஆட்கள் எல்லோரும் போன பிறகு அவள் எனக்கு அழைப்பு எடுத்தாள். என்ன சமைத்தீர்கள், ஆர் ஆர் வந்தார்கள் என்று கேட்டாள்.

"மாமி, ஒண்டு கேக்கலாமோ?"

"கேள் பிள்ளை."

"நான் வந்த அண்டைக்கு, வழியிலை ஒரு இடத்திலை அப்பா வானை ஓரமாய் நிப்பாட்டினவர். சிக்னல் சத்தம் கேட்டது. ஏன் நிப்பாட்டினவர்?"

"நீ நித்திரை எல்லோ பிள்ளை?"

"இல்லை மாமி. நான் படுக்கேல்லை. கண்ணை மூடிக்கொண்டு இருந்தனான். அந்தக் கடிதம் என்ரை பையிலை இருந்தது. கண்ணைத் திறந்தால் அப்பாவோடை கதைக்க வேணும். கதைச்சால் சொல்லவேண்டி வந்திடும் எண்டு பயம். வீடு வருமட்டும் அப்பிடியே இருந்தனான்."

ஆறு மணித்தியாலம். முன்னால் ஒருவர் எழுப்பிவிடக் கூடாது என்று மூச்சைப் பிடித்து ஓட்டிக்கொண்டிருந்தார். பின்னால் ஒருத்தி விழித்தபடியே கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். நடுவில் நான் இருந்தேன், வாயை மூடிக்கொண்டு. இப்போது உண்மையைச் சொன்னால் அந்தப் பிள்ளை அதை எங்கே கொண்டுபோய் வைக்கும்? ஒரு சந்தியில் இரண்டு நிமிடம் கண்ணைத் திறந்திருந்தால் போதும் என்பதை அறிந்துகொண்டு எத்தனை வருடம் இருக்கவேண்டும் அது?

"மாடு ஒண்டு குறுக்கை வந்தது பிள்ளை" என்றேன்.

"ஓ." அவள் யோசித்தாள். "மாடெண்டால் ஹோர்ன் அடிச்சிருப்பாரே மாமி. அண்டைக்கு அப்பா ஹோர்னே அடிக்கேல்லை."

"நீ எழும்பிடுவாய் எண்டுதான் அடிக்கேல்லை."

அது மட்டும் பொய் இல்லை. அவள் அழத் தொடங்கினாள். அவள் அழுது முடிக்கும்வரை நான் ரெலிபோனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றேன்.